"ஓரிரு இடங்களில்" என்றால் எந்த இடம்? தேனி வானத்தைப் படிக்க ஒரு ஆய்வு மையம் எங்கே?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. தேனிக்காரங்க கட்டாயம் முழுசா படிங்க. மத்த மாவட்டத்துக்காரங்களும் படிங்க. வைகைத் தண்ணி குடிக்கிற மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் இதுல பங்கு இருக்கு.

"தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு."

டிவியில இதை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? அந்த "ஓரிரு இடம்" எது? போடியா, போடிமெட்டா? கம்பமா, கம்பம்மெட்டா? சின்னமனூரா, மேகமலையா?

வெளியூர்க்காரங்களுக்கு இது சின்னக் கேள்வியாத் தெரியும். நமக்கு அப்படி இல்ல. போடி ஊருக்கும் போடிமெட்டுக்கும் பறவை பறக்கும் தூரம் 15 கிலோமீட்டர்கூட கிடையாது. ஆனால் உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். மேலே கைக்கு எட்டும் தூரத்தில் மேகம். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரே மாவட்டம், ஒரே நாள், ஒரே மணி நேரம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரியில் ஒரு முன்னறிவிப்பு!

இதைக் கேட்டால் "மழையை யாருப்பா சரியா சொல்ல முடியும்?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாம் கேட்பது ஜோசியம் அல்ல. நாம் கேட்பது படிப்பு. இந்தப் பள்ளத்தாக்கின் காற்றையும் மேகத்தையும் மழையையும் இங்கேயே உட்கார்ந்து அளந்து, ஆராய்ந்து, பட்டம் வாங்கி, வேலை பார்க்க ஒரு வளிமண்டல அறிவியல் மையம். தேனிக்கு ஏன் இது வேண்டும், ஏன் இதுவரை வரவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

■ முதலில் ஒரு பழைய கணக்கு

தேனி மாவட்டத்தில் "வளிமண்டலம்" என்ற வார்த்தையை அரசாங்கம் சத்தமாகச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதுவும் மழைக்காக இல்லை. நியூட்ரினோவுக்காக.

விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்தான் வளிமண்டல நியூட்ரினோ. அதைப் பிடிக்க பொட்டிப்புரத்தில் போடி மேற்கு மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, உள்ளே 50,000 டன் இரும்பில் ஒரு கருவி வைப்பதுதான் திட்டம். 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் என்று அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு மறுபடியும் அனுமதி கொடுத்தது. 2022-இல் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் "இங்கே அனுமதிக்க முடியாது" என்று மனு போட்டது.

அந்த நேரத்தில் நம்மை என்னவெல்லாம் சொன்னார்கள்? "அறிவியலுக்கு எதிரிகள்." "படிக்காத கூட்டம்." "மூடநம்பிக்கை." இன்றைக்கும் தேனி என்று சொன்னாலே இணையத்தில் நாலு பேர் வந்து இதைத்தான் எழுதுகிறார்கள்.

அவர்களுக்கு நேராகவே சொல்கிறோம். அந்த இயற்பியலை நாம் இழிவாகப் பேசவில்லை. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவை உலகத்திலேயே முதலில் பதிவு செய்தவர்களில் இந்திய விஞ்ஞானிகள் உண்டு. அது பெருமைதான். ஆனால் அது ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த சுரங்கம். இங்கே கேட்டது புலி நடமாடும் வழித்தடத்தை ஒட்டி, விவசாயி காலடியில் இருக்கும் மலை.

இப்போது எங்கள் கேள்வி: மலைக்கு உள்ளே ஒரு துகளைப் பார்க்க 1,500 கோடி ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, அதே மலைக்கு மேலே நிற்கும் மேகத்தைப் பார்க்க ஒரு கோடி ஒதுக்க ஏன் தோன்றவில்லை?

துகள் எங்கே பிறக்கிறதோ அந்தக் காற்றில்தான் எங்கள் மழையும் பிறக்கிறது. அதைப் படிக்க ஒரு வகுப்பறைகூட இங்கே இல்லை. இதில் யார் அறிவியலுக்கு எதிரி?

■ இந்தப் பள்ளத்தாக்கு ஏன் தனி?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து அந்தப் பக்கம் கொட்டிவிடுகிறது. இடுக்கியில் வருடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை வாங்கும் இடங்கள் உண்டு. மலையைத் தாண்டி இறங்கும்போது காற்று சூடாகி உலர்ந்துவிடுகிறது. தேனி மாவட்டத்தின் சராசரி மழை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. புத்தகத்தில் இதற்குப் பெயர் மழை மறைவுப் பிரதேசம். நம் ஊர் பாஷையில் சொன்னால், மேகம் வரும், சாரல் அடிக்கும், மழை வராது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மலையில் கணவாய் இருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர்போன கணவாய்கள் என்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுவது நம்ம கம்பம் கணவாய். ஆடி மாதம் அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று வாழை போட்டவரிடம் கேளுங்கள். ஒரே ராத்திரியில் குலை தள்ளிய வாழை முறிந்து கிடக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை பாருங்க. காற்றாலை வைக்கிறதுக்கு முன்னாடி கோபுரம் நட்டு, மாசக்கணக்கில் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள். அளக்காமல் ஒரு ரூபாய் போட மாட்டார்கள். ஆக, காசு சம்பாதிக்கணும்னா காற்றை அளக்க முடியுது. அதே காற்று நம்ம வாழையைச் சாய்ச்சா, அன்னைக்கு அந்தத் தோட்டத்துல காத்து என்ன வேகம்னு சொல்ல ஒரு கணக்கு இல்ல. கணக்கு இல்லைன்னா இழப்பீடு பேசவே ஆதாரம் இல்ல.

திராட்சையை எடுத்துக்குங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. எல்லாரும் பொன்னாடை போட்டுப் படம் எடுத்தார்கள். அடிச்சாம்பல் நோய் வருமா வராதா என்பது இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது என்பதைப் பொறுத்தது. பழுக்கிற நேரத்தில் ஒரு மழை வந்தால் பழம் வெடிக்கும். "நாளைக்கு ராத்திரி ஈரம் இருக்கும், இன்னைக்கே மருந்து அடி" என்று தோட்டத்து அளவில் சொல்ல ஆள் இருந்தால் எத்தனை மருந்துச் செலவு மிச்சமாகும்? குறியீடு வந்தது, அந்த ஆள் வரவில்லை.

■ நம் மழை அந்தப் பக்கம் பெய்கிறது

இதுதான் ரொம்ப முக்கியம். 1895-இல் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. லோயர் கேம்ப் வழியாக இறங்கும் அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். வைகைக்குப் போய்ச் சேர்ந்து ஐந்து மாவட்டங்களுக்குக் குடிநீரும் பாசனமும். ஜூன் 1-ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருடா வருடம் பள்ளத்தாக்கே காத்திருக்கிறது.

அணையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 624 சதுர கிலோமீட்டர். அந்தக் காட்டில் பெய்வதுதான் நம் சோறு. 142 அடி என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெருமழைக்கும் அங்கே பயம், இங்கே கோபம். "அணை உடையப்போகுது" என்று அங்கே ஒரு வீடியோ. "நம்ம தண்ணிய கடலுக்கு விடுறாங்க" என்று இங்கே ஒரு வீடியோ.

தோழர்களே, இந்தச் சண்டையில் நம் கையில் இருக்க வேண்டிய ஆயுதம் வீடியோ இல்லை, அளவீடு. அடுத்த 24 மணி நேரத்தில் அந்தக் காட்டில் எவ்வளவு பெய்யும், அதில் எவ்வளவு எத்தனை மணிக்கு அணைக்கு வரும், எப்போது எவ்வளவு திறந்தால் இரண்டு பக்கமும் பத்திரம் என்பதை நம் பிள்ளைகளே கணக்குப் போட்டு, ஆய்வுக் கட்டுரையாக எழுதி, உலகத்தின் முன் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் யார் மறுக்க முடியும்? நம் உரிமையை நம் அறிவு காப்பாற்ற வேண்டாமா?

■ "ரேடார் இருக்கே?"

இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்னை இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். காரைக்கால் 250 கிலோமீட்டருக்கு மேல். ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் புது ரேடார் என்று மாநில அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த இரண்டும்கூட கம்பத்தில் இருந்து 150 கிலோமீட்டருக்கு மேல்தான்.

தூரம் ஏன் பிரச்சினை? ரேடார் கதிர் நேராகப் போகும், பூமி வளைந்துகொண்டே இறங்கும். 200 கிலோமீட்டர் போவதற்குள் மிகத் தாழ்வாக அனுப்பிய கதிர்கூட தரையில் இருந்து சுமார் 4 கிலோமீட்டர் மேலே போய்விடும். நம் சாரல் மேகம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே முடிந்துவிடும். ரேடார் நம் மேகத்தின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு போகிறது!

கொச்சி ரேடார் பக்கம்தானே என்பீர்கள். 100 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவனால் இந்தப் பக்கம் முற்றத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியுமா?

"மொபைல்ல ஆப் இருக்கே?" என்று இன்னொரு கேள்வி. 2025 மே மாதம் ஒன்றிய அரசு "பாரத் முன்னறிவிப்பு முறை" என்று ஒன்றை வெளியிட்டது. அதற்கு முன்பு 12 கிலோமீட்டர் கட்டமாக இருந்தது 6 கிலோமீட்டராகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம், பாராட்டுகிறோம். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் அகலமே பல இடங்களில் அப்படி இரண்டு மூன்று கட்டம்தான். மலை உச்சி, சரிவு, வயல், ஆறு எல்லாவற்றையும் இரண்டு மூன்று எண்ணுக்குள் அடக்கினால் "ஓரிரு இடங்களில்" என்றுதான் வரும். வேறென்ன வரும்?

"வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம் இருக்கே?" அதையும் மறுக்கவில்லை. ஆனால் நிலையம் வேறு, ஆய்வு வேறு. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் வீட்டுக்கு வீடு இருக்கு. அதுக்காக க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வேண்டாம்னு யாராவது சொன்னோமா?

■ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை

இது கோபத்தைக் கிளப்பும் பகுதி. பொறுமையாகப் படியுங்கள்.

மூணாறு ராஜமலையில், 1,800 மீட்டர் உயரத்தில், திருவனந்தபுரத்தில் உள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் மேக இயற்பியல் ஆய்வகம் வைத்திருக்கிறது. மழைத்துளியின் அளவைக்கூட அளக்கிறார்கள். கொச்சி பல்கலைக்கழகத்தில் வளிமண்டல அறிவியலுக்குத் தனித் துறை, பட்ட மேற்படிப்பு, ஆராய்ச்சிப் படிப்பு, வளாகத்திலேயே காற்றை அளக்கும் ரேடார் மையம். மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வர் மலையில் 2012 முதல் மேக ஆய்வகம். மழை மறைவுப் பகுதி மேகத்தைப் படிக்க புனே நிறுவனம் சோலாப்பூரில் விமானமே பறக்கவிட்டது. ஆந்திராவில் திருப்பதி பக்கம் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வானிலையியலுக்கும் கடலியலுக்கும் தனித் துறை.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலையியல் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் காலநிலை மாற்ற மையம் இருக்கிறது. திருநெல்வேலி பக்கம் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ள ரேடார் பார்ப்பது பெரும்பாலும் 60 கிலோமீட்டருக்கு மேலே. நம் வாழை சாய்வது தரையில் இருந்து பத்தடியில்!

நம் மலைகளால் முடியாது என்றும் சொல்ல முடியாது. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் 2014 டிசம்பர் 1 அன்று கடந்துபோன ஒரு இடிமேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அளந்து 2019-இல் வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு மலையைக் குடையவில்லை. மலைமேல் தரையில் கருவி வைத்தார்கள், அவ்வளவுதான்.

பெரியகுளத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற அந்தப் பழனி மலையில், கொடைக்கானலில், 1899-இல் வெள்ளைக்காரன் சூரிய ஆய்வகம் தொடங்கினான். ஏன்? தாது வருஷப் பஞ்சத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பருவமழை ஏன் பொய்த்தது, சூரியனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சும் அந்த ஆய்வகம் பிறக்க ஒரு காரணம். வரி வாங்கிக் கொள்ளையடிக்க வந்தவனுக்கே மழையைப் படிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்குத் தோன்றவில்லை.

அனுப்பியவர்கள் சாதாரண ஆட்களா? ஆண்டிபட்டி எம்.ஜி.ஆரை அனுப்பியது, ஜெயலலிதாவை அனுப்பியது. போடி ஜெயலலிதாவை அனுப்பியது, ஓ.பன்னீர்செல்வத்தை அனுப்பியது. மூன்று முதலமைச்சர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மாவட்டம் இது! மருத்துவக் கல்லூரி வந்தது, போடியில் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மண்ணுக்கே உரிய ஒரு படிப்பு வந்ததா? ஆண்டவர்களும் கேட்கவில்லை. அடுத்து வந்தவர்களும் கேட்கவில்லை. டெல்லியும் கொடுக்கவில்லை. 2024 செப்டம்பரில் "மிஷன் மௌசம்" என்று இரண்டு வருடத்துக்கு 2,000 கோடி ஒதுக்கினார்கள். அதில் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு ஆய்வு மையம் என்று யாராவது கேட்டதாக நீங்கள் கேள்விப்பட்டீர்களா?

■ அன்னா மணி யார் தெரியுமா?

குமுளி தாண்டி மலைமேல் போனால் பீர்மேடு. அங்கே 1918-இல் பிறந்தவர் அன்னா மணி. அவர் அப்பாவுக்கு அங்கே ஏலத்தோட்டம் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். ஆய்வேடு கொடுத்தும் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. காரணம், கையில் எம்.எஸ்.சி. இல்லையாம்!

அந்தப் பெண்தான் பிறகு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டில் இருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். அந்தத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். நாடு முழுக்கக் காற்றாலைக்கு எங்கே காற்று இருக்கிறது என்று அளக்கும் வேலைக்கும் தலைமை தாங்கினார்.

நம்ம மலையில பிறந்த ஒரு பொண்ணு. பட்டம் மறுக்கப்பட்ட பொண்ணு. இன்னைக்கு உத்தமபாளையத்துலயோ தேவாரத்துலயோ பி.எஸ்.சி. பிசிக்ஸ் படிக்கிற ஒரு பொண்ணு "நான் வானிலை படிக்கணும்"னு சொன்னா அவங்க அப்பா என்ன சொல்வார்? "கொச்சிக்கா? புனேக்கா? அவ்ளோ தூரமா? ஹாஸ்டல் பீஸ் யாரு கட்டுறது? பேசாம பி.எட். படி." முடிஞ்சது கதை. யாரும் பட்டம் மறுக்கலை. படிப்பே பக்கத்துல இல்லாம பண்ணிட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும் இன்ஜினியரிங் முடிச்சவன்தான். என் கூடப் படிச்சவங்க எல்லாம் ஓசூர்லயும் சென்னையிலயும் கெடைச்ச வேலையில இருக்காங்க. சென்சார் தெரியும், கோடிங் தெரியும், டேட்டா தெரியும். வளிமண்டல அறிவியலுக்கு இன்னைக்குத் தேவை இதேதான். ரேடார் சிக்னலை வாசிக்க எலக்ட்ரானிக்ஸ் வேணும். கணினி மாதிரி ஓட்டக் கணக்கும் புரோகிராமிங்கும் வேணும். கருவியை மலைமேல பழுது பார்க்க மெக்கானிக்கல் வேணும். பிள்ளைகள் இருக்காங்க. படிப்பு இல்லை.

■ உயிர்க் கணக்கு

2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைக்காற்று பகலில் சரிவில் மேலே ஏறும், இரவில் கீழே இறங்கும். மார்ச் மாத வெயிலில் காய்ந்த புல்லில் தீ பிடித்தால் அது காற்றோடு மேலே ஓடும். இன்று எந்தச் சரிவு எவ்வளவு காய்ந்திருக்கிறது, காற்று எப்போது திரும்பும் என்று சொல்வது தனி அறிவியல். அதற்கு இந்த மலையிலேயே பல வருட அளவீடு வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6, பெட்டிமுடி. ராஜமலை பக்கம் நிலச்சரிவில் 70 பேர் போனார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், நம் தமிழ்ச் சொந்தங்கள். அந்த மலையில் மேக ஆய்வகம் இருந்ததே என்று கேட்பீர்கள். அது மேகத்தைப் படிக்க வைத்தது, எச்சரிக்கை கொடுக்க வைத்தது அல்ல. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாடம் இதுதான்: கருவி மட்டும் போதாது. கருவி சொல்வதைப் புரிந்துகொண்டு, லயத்து வீட்டில் தூங்குகிறவர் பாஷையில் "ஓடு" என்று சொல்ல ஆள் வேண்டும். டெண்டர் விட்டுக் கருவி வாங்கலாம். ஆளை டெண்டரில் வாங்க முடியாது. படிக்க வைத்துத்தான் உருவாக்க முடியும்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. "முன்கூட்டியே சொன்னோம்" என்றது டெல்லி. "இவ்வளவு என்று சொல்லவில்லையே" என்றது சென்னை. தண்ணீரில் நின்றவனுக்கு இரண்டு அறிக்கையும் கிடைத்தது, படகு கிடைக்கவில்லை.

தினமும் விடியக்காலையில் தேனி மாவட்டத்தில் இருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, மூன்று வழியும் மலைப்பாதை. மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. அவங்களுக்கு "ஓரிரு இடங்களில்"னு சொல்லி அனுப்புறீங்களே, அந்த ஓரிரு இடத்துல அவங்க ஜீப் இருந்தா?

■ "முதல்ல ரோடு போடுங்க, குடிதண்ணி குடுங்க, அப்புறம் ஆராய்ச்சி"

இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில். போட்ட ரோட்டை அடித்துக்கொண்டு போவது மழை. குடிதண்ணீர் வருவது அதே மழையில். மழையைத் தெரிந்துகொள்ளாமல் போடும் ரோடு ஒவ்வொரு வருடமும் போடும் ரோடு. காண்ட்ராக்டருக்கு அது நல்லது. நமக்கு?

பணம் எங்கே என்பவர்களுக்கு இன்னொரு பதில். நியூட்ரினோவுக்குச் சொன்ன 1,500 கோடியில் நூற்றில் ஒரு பங்கு 15 கோடி. அதை வைத்து ஆரம்பியுங்கள். சுரங்கம் வேண்டாம். பாறை வெடிக்க வேண்டாம். காட்டில் ஒரு மரம் வெட்ட வேண்டாம். இருக்கிற கட்டடத்தில் வகுப்பு, இருக்கிற அரசு நிலத்தில் கருவி.

■ நம் கோரிக்கைகள்

1. போடி அரசுப் பொறியியல் கல்லூரியில் வளிமண்டல அறிவியலில் முதுநிலைப் படிப்பும் ஆராய்ச்சிப் படிப்பும் தொடங்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் இதில் இணைய வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு முழு உதவித்தொகை.

2. லோயர் கேம்ப், கம்பம், சின்னமனூர், மேகமலை, போடிமெட்டு என்று வயலில் இருந்து உச்சி வரை வரிசையாக கள நிலையங்கள். மழைத்துளி அளவு, மேக உயரம், காற்றின் வேகம், இலை ஈரம், மண் ஈரம் எல்லாம் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும்.

3. பள்ளத்தாக்கின் உள்ளேயே ஒரு சிறிய டாப்ளர் ரேடார். மலைக்கு மேலே பார்க்கிற ரேடார் அல்ல, மலைக்கு நடுவே பார்க்கிற ரேடார்.

4. அளவீடு எல்லாம் உடனுக்குடன் தமிழில், இலவசமாக, எல்லோருக்கும். இன்று முகநூலில் தனி ஆளாக மழைக் கணக்கு எழுதுகிறவர்களை லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள் என்றால், மக்களுக்கு எவ்வளவு தாகம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

5. முல்லைப் பெரியாறு நீர்வரத்து, காட்டுத்தீ, மலைப்பாதை நிலச்சரிவு. இந்த மூன்றும் மையத்தின் முதல் மூன்று ஆராய்ச்சித் தலைப்புகளாக இருக்க வேண்டும். கேரள ஆய்வாளர்களோடு சேர்ந்தே செய்யட்டும். மேகத்துக்கு மாநில எல்லை கிடையாது.

6. மிஷன் மௌசம் போன்ற திட்டங்களில் தேனியின் பங்கை ஒன்றிய அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். மாநில அரசு கேட்டு வாங்க வேண்டும். வாங்க முடியவில்லை என்றால் சொந்த நிதியில் தொடங்க வேண்டும்.

■ நீங்கள் செய்ய வேண்டியது

லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்து வரும் கிராம சபையில் உங்கள் ஊராட்சியில் இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தீர்மானத்தின் நகலை வாங்கி ஒன்றியப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் கையெழுத்து வாங்குங்கள். விவசாயி அண்ணன்கள், தோட்ட வேலைக்குப் போகும் அக்காக்கள், ஜீப் ஓட்டுநர்கள், இவர்கள்தான் முதல் கையெழுத்து. போராட்டத்துக்குப் போனாலும் கோரிக்கை மனுவோடு போவோம். எண்ணோடும் கணக்கோடும் பேசுவோம்.

கமெண்டில் ஒருவேளை "நியூட்ரினோவை எதிர்த்த கூட்டம்தானே நீங்கள்?" என்று யாராவது வருவார்கள். கோபப்படாதீர்கள். கெட்ட வார்த்தை வேண்டாம். ஒரே ஒரு பதில் போடுங்கள்:

"ஆமாம். மலையைக் குடையாதே என்றோம். இப்போது வானத்தைப் படிக்க விடு என்கிறோம். இரண்டையும் சொல்வது அறிவியல்தான்."

பொட்டிப்புரத்து மலை அங்கேயே நிற்கிறது. அதன்மேல் மேகமும் வருடா வருடம் வந்துதான் போகிறது. அதைப் படிக்க நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டு வாங்குவோம்.

பகிருங்கள் தோழர்களே.

#தேனிக்கு_வளிமண்டல_ஆய்வு_மையம்
#மலையைக்_குடையாதே_வானத்தைப்_படி
#ஓரிரு_இடம்_எந்த_இடம்

தகவல் தொழில்நுட்பப் பிரிவு
தேனி மாவட்டம்